முதல் ரைபிளுக்கு முன் உங்கள் விசாவைப் பாருங்கள்

டெக்சாஸில் நவம்பர் பிறந்தால் மான் வேட்டைக் காலம். காட்டுப்பன்றிக்கோ காலக்கெடு என்று எதுவும் இல்லை. அமெரிக்காவின் 35 மாநிலங்களில் 60 லட்சத்துக்கும் மேல் பெருகிவிட்ட இந்தப் பன்றிகள் சோளத்தையும் நிலக்கடலையையும் இரவோடு இரவாகத் தோண்டிப் போடுகின்றன. அதனால் நிலக்காரர்களே வந்து சுடுங்கள் என்று அழைக்கிறார்கள். டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கும் அந்த அழைப்பு அலுவலக நண்பர்கள் வழியாக வருகிறது. அழைப்பு வந்ததும் எழும் முதல் கேள்வி, ‘எந்த ரைபிள் வாங்கலாம்?’ கடைக்காரரும் காணொலிகளும் தோட்டாப் பெயர்களை அடுக்கிப் பதில் சொல்கிறார்கள். ஆனால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. நான் துப்பாக்கியைத் தொடலாமா, எந்த மண்ணில் வேட்டையாடப் போகிறேன், என் உடம்புக்கு எது பொருந்தும் என்ற மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகே தோட்டாவைப் பற்றி யோசிப்பதில் பொருள் உண்டு. இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறவர் வெளிநாட்டவராக இருந்தால், இழப்பு ரைபிளின் விலையோடு நிற்காது. அந்த நாட்டில் வாழும் வாய்ப்பே பறிபோகலாம்.

கிரீன் கார்டு வைத்திருப்பவருக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் குடிமகனுக்கு உள்ள அதே வாசல் திறந்திருக்கிறது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர் நிலை வேறு. 1998-ல் சேர்க்கப்பட்ட பிரிவின்படி அவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். வாங்குவது மட்டும் தடை என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் சொல்வது ‘வைத்திருத்தல்’. சுடுதளத்தில் அரை மணி நேர வாடகைக்கு எடுப்பதும், நண்பரின் ரைபிளைக் கையில் வாங்கிச் சுடுவதும், மேசை இழுப்பறையில் ஒரே ஒரு தோட்டாவை வைத்திருப்பதும் அதற்குள் அடங்கும். 2022-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு இதற்கான உச்சத் தண்டனை 15 ஆண்டு சிறை. குடியேற்றச் சட்டம் இந்தக் குற்றத்தைக் கொடுங்குற்றப் பட்டியலிலேயே வைத்திருப்பதால், தண்டனை முடிந்தபின் நாடுகடத்தலும் காத்திருக்கும். இந்தத் தடைக்கு உள்ள விதிவிலக்குகளில் சாதாரண ஊழியருக்கும் மாணவருக்கும் பயன்படுவது ஒன்றுதான்: அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். அது கையில் இருந்தால், மற்ற நிபந்தனைகளும் சரியாக இருக்கும்பட்சத்தில், ரைபிள் வாங்கலாம். கடையில் நிரப்பும் 4473 படிவத்தோடு அந்த லைசென்ஸையும் காட்ட வேண்டும்.

டெக்சாஸில் ஒரு பொறி இருக்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல், நிலக்காரர் சம்மதத்தோடு தனியார் நிலத்தில் காட்டுப்பன்றி சுட அங்கே வேட்டை லைசென்ஸே தேவையில்லை. குடிமகனுக்கு அது சலுகை. விசாக்காரருக்கு அதுவே ஆபத்து. ஏனென்றால் மாநிலச் சட்டம் கேட்காத அதே லைசென்ஸ்தான் கூட்டாட்சிச் சட்டத்தின் முன் அவருக்குள்ள ஒரே பாதுகாப்பு. ‘பன்றிக்கு லைசென்ஸ் வேண்டாம்’ என்று நண்பர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர் தன் நிலையிலிருந்து சொல்கிறார். இன்னொன்று, டெக்சாஸ் வேட்டை லைசென்ஸ் எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்து செப்டம்பர் 1 காலையில் கண் விழிக்கும் விசாக்காரர், அலமாரியில் பூட்டிக் கிடக்கும் ரைபிளை ஒரு மாதமாகத் தொடாமல் இருந்திருந்தாலும் சட்டத்தின் பார்வையில் தடையை மீறியவர். மாநிலத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வசித்தவருக்கு இந்த லைசென்ஸ் 25 டாலர்தான். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்வி வகுப்பையும் முடிக்க வேண்டும், அதை 17 வயது நிரம்பியவர் இணையத்திலேயே முடிக்கலாம். இவ்வளவு எளிதான காரியத்தைத் தள்ளிப்போட எந்த நியாயமும் இல்லை. கணவன், மனைவி இருவருமே விசாவில் இருந்து இருவரும் துப்பாக்கியைக் கையாளப் போகிறார்கள் என்றால் லைசென்ஸும் இருவருக்கும் தனித்தனியாக வேண்டும்.

‘யாரும் வந்து பார்ப்பதில்லை, எத்தனையோ பேர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள்’ என்று சிலர் சொல்வதுண்டு. தனிநபர் விற்பனையில் டெக்சாஸ் பின்னணிச் சோதனை கேட்பதில்லை என்பது உண்மை. சோதனை இல்லாததால் தடை நீங்கிவிடாது. சாதாரணச் சாலைச் சோதனையில், அக்கம்பக்கத்துப் புகாரில், கிரீன் கார்டு நேர்காணல் கேள்வி ஒன்றில் அது வெளியே வரலாம். இன்னும் மோசமான யோசனை, குடியுரிமை உள்ள நண்பர் பெயரில் வாங்கிக்கொள்வது. உண்மையான வாங்குபவர் யார் என்பதை மறைத்துப் படிவத்தில் கையெழுத்திடுவது நண்பரையும் சேர்த்துச் சிறைக்கு அனுப்பும் குற்றம். உதவ வந்தவரை அந்த இடத்தில் நிறுத்த யாருக்கும் மனம் வரக்கூடாது.

ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தரும் அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் எல்லோருக்கும் பொதுவல்லவா என்பது இன்னும் கனமான ஆட்சேபம். மறுக்க முடியாத தத்துவக் கேள்விதான். ஆனால் தற்காலிக விசாவினருக்கான இந்தத் தடை செல்லும் என்று ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்தது. தத்துவத்தை நம்பிச் சுடுதளத்துக்குப் போவது புத்திசாலித்தனம் ஆகாது. 2019-ல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த ரெஹைஃப் வழக்கு நமக்கு நேரடியான பாடம். மாணவர் விசாவில் வந்த ஒருவரை மதிப்பெண் குறைந்ததால் பல்கலைக்கழகம் நீக்கியது. விசா தகுதி போன பிறகு அவர் சுடுதளத்துக்குப் போய்ச் சுட்டார், அதற்காகவே தண்டிக்கப்பட்டார். தன் தகுதி போய்விட்டது என்பது அவருக்குத் தெரிந்திருந்ததையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. அந்தத் தீர்ப்பு ஓரளவு ஆறுதல் தருகிறது. ஆனால் வேலை போய், எச்-1பி அவகாசமான 60 நாளும் கடந்துவிட்டவருக்கு, ‘எனக்குத் தெரியாது’ என்ற வாதம் எளிதில் கைகொடுக்காது. சட்டப்படியான தங்கும் தகுதியே போய்விட்டால் வேட்டை லைசென்ஸும் காப்பாற்றாது. அந்த விதிவிலக்கு செல்லுபடியாகும் விசாவினருக்கு மட்டும்தான். வேலை ஆட்டம் கண்டதுமே ரைபிளைச் சட்டப்படி வேறு கைக்கு மாற்றுவது பற்றி வழக்கறிஞரிடம் பேசுவது நல்லது.

அடுத்தது மண். நியூஜெர்சியில் மானை ரைபிளால் சுடவே முடியாது. அங்கே ஷாட்கன்னும் வில்லும் வாய்வழி மருந்து கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கியும்தான், துப்பாக்கி வாங்க அதற்கான அடையாள அட்டையும் வேண்டும். ஒஹாயோவில் ரைபிள்களில் நேர்ச்சுவர்த் தோட்டா வகை மட்டுமே மானுக்கு. கொலராடோ குறைந்தபட்சக் குழல் விட்டம் இவ்வளவு, 100 கஜத்தில் தோட்டாவின் வேகசக்தி இவ்வளவு என்று கணக்கு வைத்திருக்கிறது. டெக்சாஸில் சிறிய .22 ரிம்ஃபயர் வகையை மானுக்குப் பயன்படுத்தக்கூடாது. ஒரு மாநிலத்தில் வாங்கிய ‘சிறந்த முதல் ரைபிள்’ வேலை மாறி அடுத்த மாநிலம் போனதும் பயனற்றுப் போகலாம், அல்லது வழக்காகலாம்.

பொருத்தம் பற்றிக் கடைகளில் யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் குறி தவறுவதில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது. ரைபிளின் கட்டை தோளில் படும் முனையிலிருந்து விசைவரை உள்ள தூரம் பெரும்பாலான தொழிற்சாலைத் துப்பாக்கிகளில் பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். நீண்ட கைக்கான அளவு அது. ஐந்தடி மூன்றங்குல உயரக்காரர் அதைத் தோளில் ஏற்றினால் கழுத்தை முன்னே நீட்டித்தான் குறிபார்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் கன்னம் வேறு இடத்தில் பதியும். கண் ஸ்கோப்புக்கு மிக நெருங்கிவிட்டால் சுட்ட உதையில் அதன் உலோக விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ரைபிளைத் திறந்து தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். முழங்கையை மடக்கி, அதன் உள்வளைவில் கட்டையின் அடியைப் பொருத்துங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையில் இயல்பாக உட்கார வேண்டும். பிறகு பாதுகாப்பான திசை நோக்கி, கண்களை மூடியபடி தோளில் ஏற்றிக் கண்ணைத் திறந்தால் ஸ்கோப்பில் முழு வட்டமும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் கரும்பிறை தெரிந்தால் அது உங்கள் ரைபிள் இல்லை. கட்டையைக் குட்டையாக்கிக்கொள்ளும் வசதியுள்ள வகை கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

தோளில் விழும் உதையும் இப்படித்தான். ஒரே எடையுள்ள இரண்டு ரைபிள்களில் .300 வின்செஸ்டர் மேக்னம் தரும் உதை .243 வின்செஸ்டர் தருவதைப்போல் இரு மடங்குக்கும் மேல். உதைக்கு அஞ்சிய உடம்பு விசையை இழுக்கும் கணத்திலேயே சிலிர்த்துவிடும். மான் குண்டடிபட்டு ஓடி, எங்கோ புதரில் மெல்லச் சாகும். அந்த வேதனைக்குப் பொறுப்பு சுட்டவருடையது. ‘பன்றி முரட்டு உயிர், பெரிய தோட்டா வேண்டாமா?’ என்று கேட்பார்கள். வளர்ந்த ஆண்பன்றியின் தோளில் தடித்த குருத்தெலும்புக் கவசம் இருப்பது மெய்தான். ஆனால் பன்றியின் இதயமும் நுரையீரலும் மானுக்கு இருப்பதைவிடத் தாழ்வாகவும் முன்னே தள்ளியும் இருக்கின்றன. மானைச் சுடும் பழக்கத்தில் தோளுக்குப் பின்னால் நடு உயரத்தில் சுடுவதால்தான் பல பன்றிகள் தப்பி ஓடுகின்றன. இடம் தெரியாதவருக்குப் பெரிய தோட்டா உதவாது. தீவனத் தொட்டி அருகே மறைவிடத்தில் காத்திருக்கும் டெக்சாஸ் முறையில் தூரம் பெரும்பாலும் 150 கஜத்தைத் தாண்டாது. மான், பன்றி இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி வேண்டும் என்றால் 1952-ல் வந்த .308 வின்செஸ்டர், அதன் தம்பியான 7எம்எம்-08, அல்லது 6.5 கிரீட்மோர் இவற்றுள் ஒன்று போதும் என்பது என் முடிவு. மெலிந்த உடம்புக்கு நல்ல கட்டமைப்புள்ள குண்டோடு .243. பூட்டைக் கையால் இழுத்துச் சுடும் போல்ட் வகையே முதல் ரைபிளுக்குச் சிறந்தது. பூட்டு திறந்திருப்பது எதிரே நிற்பவருக்கும் தெரியும். மிச்சப்படும் பணத்தைத் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள். பன்றித் தொல்லையை ஒழிக்கவே வாங்குகிறேன் என்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கேன்சஸ் மாநிலம் பன்றி வேட்டையையே தடை செய்துவிட்டது. சுட்டால் கூட்டம் சிதறிப் புதிய இடங்களுக்குப் பரவுகிறது, கூட்டத்தையே ஒருசேரப் பிடிக்கும் பெரிய கூண்டுகளே பலன் தருகின்றன என்பது அங்குள்ள அனுபவம்.

பழைய ரைபிள் வாங்குகிறவர் ஓர் உண்மையைத் தெரிந்திருக்க வேண்டும். மின்விசிறியையும் குழந்தைத் தொட்டிலையும் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிடும் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கி மீது அதிகாரம் கிடையாது. நிறுவனம் தானாக முன்வந்தால்தான் திரும்பப் பெறும். ரெமிங்டன் 700 வகையில், 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை ஒரு குறிப்பிட்ட விசையோடு தயாரானவற்றை, விசையை இழுக்காமலே வெடிக்கக்கூடும் என்பதால் நிறுவனமே 2014-ல் திரும்பக் கோரியது. அவற்றுள் சரிசெய்யப்படாதவை இன்றும் கைமாறலாம். விற்பவர் காட்டும் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரிடம் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். துப்பாக்கி நிறுவனங்களுக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டம் பரவலான வழக்குப் பாதுகாப்பு தந்தாலும், தயாரிப்புக் குறையால் காயப்பட்டவர் வழக்குத் தொடுக்கும் வழியை அது முற்றாக அடைக்கவில்லை.

வீட்டில் 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை எடுக்கும்படி நிரப்பிய துப்பாக்கியை விடுவது டெக்சாஸில் குற்றம். ஆனால் பூட்டுப் பெட்டி வாங்குவதற்கான காரணம் பிள்ளைகள் மட்டுமல்ல. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. துப்பாக்கியால் முயல்பவர் பிழைப்பது அரிது. வேலையும் விசாவும் ஒருசேர ஆடும் காலத்தில், உறவினர் யாரும் அருகில் இல்லாத ஊரில், ரைபிளைக் கொஞ்ச நாளைக்கு வீட்டிலிருந்து வெளியேற்றுவது மானக்கேடு அல்ல. தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். காதுக்கும் காப்பு வேண்டும்: ரைபிள் சத்தம் 140 டெசிபல் என்ற அபாய எல்லையைத் தாண்டியது, ஒரே வெடியில் நிரந்தரமாகச் செவி கெடலாம். பன்றியை அறுக்கும்போது புருசெல்லா கிருமிக்காகக் கையுறை அணிவதும், இறைச்சியை உட்புறம் 71 டிகிரி செல்சியஸ் எட்டும்வரை வேகவைப்பதும் கட்டாயம்.

ஊருக்கு வரும்போது வேட்டைக்குப் பயன்படுத்திய பையை எடுத்து வராதீர்கள். தையல் மடிப்பில் தங்கிய ஒரு தோட்டா இந்திய விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வழக்கு. தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று நீதிமன்றங்கள் சொல்லி வந்தாலும், அதை நிறுவும்வரை அலைச்சல் உங்களுடையது.

கடையில் பின்னணிச் சோதனை உங்களை நிராகரித்தால் காரணம் கேட்டு எஃப்பிஐ-யிடம் மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு. பெயர்க் குழப்பத்தால் நிராகரிக்கப்பட்டவர்களுக்கு அது பயன்படும். லைசென்ஸ் இல்லாமல் ஏற்கெனவே ரைபிள் வைத்திருப்பவர், அவசரமாக விற்பதற்கோ நண்பர் வீட்டில் போடுவதற்கோ முன், குடியேற்றமும் குற்றவியலும் தெரிந்த வழக்கறிஞரிடம் போக வேண்டும். அவரிடம் சொல்வது வெளியே போகாது. அதிகாரிகள் வந்தால் வழக்கறிஞர் இல்லாமல் பேச மாட்டேன் என்று சொல்லும் உரிமை விசாக்காரருக்கும் உண்டு. கைதானால் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் தரும்படி கேட்கலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று அரசுத் தரப்பு பேரம் பேசும்போது, அந்த ஒப்புதலால் நாடுகடத்தப்பட நேருமா என்பதைத் தன் வழக்கறிஞரிடமிருந்து தெரிந்துகொள்வது குற்றஞ்சாட்டப்பட்டவரின் அரசியல் சாசன உரிமை என்று 2010-ல் படில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் வரும்வரை எதிலும் கையெழுத்திட வேண்டாம்.