வன்னியில் புதுமொழி பிறக்குமா?

ஆங்கிலமும் ஸ்பானிய மொழியும் அன்றாடம் உரசிக்கொள்ளும் அமெரிக்க நகரங்களைக் காட்டி, நாளை இரண்டும் கலந்து ‘ஸ்பாங்கிலிஷ்’ என்றொரு தனிமொழி பிறக்கும் என்போர் உண்டு. இலங்கையில் போர் முடிந்து ஏ9 வீதி திறந்து, வவுனியாவில் தமிழும் சிங்களமும் அருகருகே கேட்கும் இந்தக் காலத்தில் வன்னிக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். பிறக்காது என்பதே என் கணிப்பு. சொல் கைமாறுவது வேறு, மொழி கலப்பது வேறு. சொல் கைமாறச் சந்தை போதும். கதிரை, அலுமாரி, சப்பாத்து, பாண் எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை, கந்தோர் ஒல்லாந்தருடையது. ‘கதிரையில்’, ‘கந்தோருக்கு’ என்று நம் உருபை ஏற்றுக்கொண்டு அவை தமிழாகிவிட்டன. நம் கடை சிங்களத்தில் ‘கடே’ ஆனது, உரிமை ‘உருமய’ ஆனது, இடம் ‘இடம’ என்று காணியைக் குறித்தது. சேர்ந்து வாழாமலே ஒரு பெயர் மற்ற மொழிக்குப் போய்விடவும் முடியும். வன்னியில் மணலாறு என்ற இடம் வெலிஓயா ஆனதே சாட்சி: வெலி என்றால் மணல், ஓயா என்றால் ஆறு. பெயர் மொழிபெயர்ந்தது, 1984இல் அங்கிருந்த தமிழ்ச்சனம் இடம்பெயர்ந்தது.

கடன் வாங்கும்போதும் ஒவ்வொரு மொழியும் தன் வாசலைக் காட்டித்தான் உள்ளே விடுகிறது. ‘பார்க்’ என்ற ஆங்கில வினைக்கு அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசுவோர் தங்கள் விகுதியை நேரடியாக ஒட்டி ‘பர்க்கெயார்’ என்கிறார்கள். தமிழில் அது நடக்காது. ‘பார்க் பண்ணு’ என்று துணைக்கு ஒரு தமிழ்வினை வந்தாக வேண்டும். சிங்களமும் ‘கரனவா’ சேர்க்கிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லானால் பின்னால் ‘எக’ வைத்து ‘பஸ் எக’ என்கிறது. எத்தனை ஆங்கிலச் சொல் நுழைந்தாலும் வாக்கியத்தின் முதுகெலும்பு நமதே. ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் தமிழ் செத்தது என்று பதறுவோர் இதைக் கவனிப்பதில்லை.

அப்படியானால் இலக்கணம் கலப்பதே இல்லையா? கலக்கும். மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துக்கேயத்தைப் பாருங்கள். ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது 1638இல். ஆண்டவர்கள் போனபின்னும் மொழி வீடுகளில் நின்றது. ஐரோப்பியப் போர்த்துக்கேயத்தில் வினைக்குப் பின் வரும் செயப்படுபொருள், இங்கே தமிழைப்போல வினைக்கு முன் வந்தது. பெயருக்கு முன் நின்ற ‘பாரா’ தேய்ந்து, நம் ‘கு’ உருபைப்போலப் பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டது. இலங்கை மலாய்மொழிக்கும் இதே கதிதான். இரண்டையும் மாற்றியது சந்தைப் பேச்சு அல்ல. வீட்டில் ஒன்று, வாசலில் தமிழ் என்று இரண்டையும் பால்குடி வயதிலிருந்து பேசிய பிள்ளைகள், தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். அமெரிக்காவில் இந்தத் தொடர்ச்சி அறுகிறது: குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கே போய்விடுகிறார்கள். வன்னியில் அது தொடங்கவே இல்லை. வெலிஓயாப் பிள்ளைகள் சிங்களப் பாடசாலைக்கும் ஒட்டுசுட்டான் பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலைக்கும் போகிறார்கள். மாவட்டம் ஒன்றுதான், முல்லைத்தீவு.