காப்புறுதிக் கட்டுப்பணத்தில் ஆண், பெண் வேறுபாடு நியாயமானதா?

ஒரே நகரில் வசிக்கும் இருபது வயது இளைஞன் ஒருவனும் அதே வயதுடைய யுவதி ஒருத்தியும் ஒரே வகையான மோட்டார் காருக்குக் காப்புறுதி பெறுவதற்கு ஒரே நிறுவனத்தை நாடுகின்றனர் என வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே ஆண்டில் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள். இருவருமே எந்த விபத்திலும் சம்பந்தப்படாதவர்கள். ஆயினும், இளைஞனிடம் யுவதியைக் காட்டிலும் கூடுதலான கட்டுப்பணம் கோரப்படுகின்றது. அவன் செய்த தவறு எதுவுமில்லை. அவன் ஆணாகப் பிறந்தான் என்பது மட்டுமே காரணம். இது நியாயமா என்ற கேள்வி மேற்கு நாடுகளின் நீதிமன்றங்களையும் சட்டமன்றங்களையும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆட்கொண்டு வந்துள்ளது.

மேலோட்டமாகப் பார்க்கும்போது இது வாகன உரிமையாளர்களின் பணப்பையுடன் மட்டும் தொடர்புடைய சிறு விடயமாகத் தோன்றலாம். ஆனால், தனிமனிதன் ஒருவன் தனது சொந்தச் செயல்களால் மதிப்பிடப்பட வேண்டுமா அல்லது தான் சார்ந்துள்ள கூட்டத்தின் சராசரியால் மதிப்பிடப்பட வேண்டுமா என்ற அடிப்படை வினா இதனுள் அடங்கியிருக்கின்றது. அவ்வினாவின் கனதியை அனுபவத்தில் அறிந்தவர்கள் எமது மக்கள். எனவேதான் இவ்விடயத்தைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையது எனக் கருதுகின்றோம்.

முதலில் காப்புறுதி நிறுவனங்களின் வாதத்தைக் கேட்போம். எந்தச் சாரதி நாளை விபத்துக்குள்ளாவார் என்பதை எவராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆனால், ஓராயிரம் சாரதிகளில் ஏறத்தாழ எத்தனை பேர் ஓராண்டில் இழப்பீடு கோருவர் என்பதைக் கடந்தகால விபரங்களைக் கொண்டு கணிக்க முடியும். இக்கணிப்புக்காகவே சாரதிகள் வயது, அனுபவம், வாகனத்தின் வகை, வசிக்கும் இடம் முதலியவற்றின் அடிப்படையில் பிரிவுகளாக வகுக்கப்படுகின்றனர். ஆபத்து கூடிய பிரிவினர் கூடுதலாகச் செலுத்தவேண்டும் என்பது இத்தொழிலின் அடிப்படை விதி. அவ்வாறு பிரிக்காவிடின் ஆபத்துக் குறைந்தவர்கள் மற்றவர்களின் சுமையையும் சேர்த்துச் சுமக்க நேரிடும். காலப்போக்கில் அவர்கள் குறைந்த கட்டணம் கோரும் வேறு நிறுவனங்களை நாடிச் சென்றுவிடுவர் என்பது நிறுவனங்களின் அச்சம்.

வீதி விபத்துகளைப் பொறுத்தவரை ஆண், பெண் வேறுபாடு கற்பனையானதல்ல என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021இல் மாத்திரம் உலகெங்கும் சுமார் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துகளில் உயிரிழந்தனர். இவ்வாறு இறப்போரில் பெண்களைப் போன்று ஏறத்தாழ மூன்று மடங்கினர் ஆண்களாவர். வேகம், மதுபோதை, துணிகரமான செயல்கள் ஆகியவற்றில் இளைஞர்களே முன்நிற்கின்றனர் என்பது பல நாடுகளின் பொலிஸ் பதிவுகளாலும் உறுதிப்படுத்தப்பட்ட உண்மை. அதேவேளை, ஆண்கள் பெண்களைவிட அதிக தூரம் வாகனம் செலுத்துகின்றனர் என்பதையும் மறந்துவிடலாகாது. வீதியில் அதிக நேரம் இருப்பவருக்கு விபத்து நேரும் வாய்ப்பும் அதிகம். அப்படியாயின் கட்டணத்தைத் தீர்மானிக்க வேண்டியது ஓடிய தூரமா அல்லது ஓட்டுபவரின் பாலா என்ற கேள்வி இயல்பாகவே எழுகின்றது.

இக்கேள்விக்கு நாடுகள் ஒரே விதமாகப் பதிலளிக்கவில்லை. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1978இல் வழங்கிய தீர்ப்பொன்று இவ்விடயத்தில் முக்கியமானது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நீர், மின்சாரத் திணைக்களம் தனது பெண் ஊழியர்களிடமிருந்து ஓய்வூதிய நிதிக்கு ஆண்களைவிட ஏறத்தாழ 15 சதவீதம் அதிகமாக அறவிட்டு வந்தது. பெண்கள் சராசரியாக நீண்ட காலம் வாழ்கின்றனர், ஆகவே அவர்களுக்கு ஓய்வூதியமும் நீண்ட காலம் வழங்கவேண்டியுள்ளது என்பது திணைக்களத்தின் நியாயம். சராசரி உண்மையாக இருப்பினும் ஒவ்வொரு பெண்ணும் நீண்ட ஆயுளுடன் வாழ்வாள் என்பதற்கு உத்தரவாதமில்லை என்பதைச் சுட்டிக்காட்டிய நீதிமன்றம், தொழில் வாய்ப்பில் பாரபட்சத்தைத் தடை செய்யும் சட்டம் தனிமனிதரையே பாதுகாக்கின்றது என்று தீர்ப்பளித்தது.

கனடாவில் இதற்கு மாறான முடிவு எட்டப்பட்டது. இருபத்தைந்து வயதுக்குக் குறைந்த, திருமணமாகாத ஆண் சாரதிகளிடம் கூடுதல் கட்டுப்பணம் அறவிடப்படுவதை எதிர்த்து ஒன்ராறியோவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் மனித உரிமை ஆணைக்குழுவில் முறையிட்டார். அவ்வழக்கில் கனேடிய உயர் நீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்தது. அன்றைய நிலையில் வேறு நடைமுறைச் சாத்தியமான மாற்றுவழி இருக்கவில்லை எனக் கூறி நிறுவனத்தின் செயலை நீதிபதிகளில் பெரும்பான்மையினர் ஏற்றுக்கொண்டனர். எனினும், இத்தகைய வேறுபாடுகளைத் தவிர்ப்பதற்குக் காப்புறுதித் துறை முயலவேண்டும் என்ற எச்சரிக்கையும் அத்தீர்ப்பில் இடம்பெற்றிருந்தது.

ஐரோப்பாவே இவ்விடயத்தில் மிகத் தெளிவான மாற்றத்தைச் செய்தது. பொருட்களையும் சேவைகளையும் பெறுவதில் ஆணும் பெண்ணும் சமமாக நடத்தப்பட வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2004 டிசம்பரில் பணிப்புரையொன்றை வெளியிட்டது. ஆனால், நம்பகமான புள்ளிவிபரங்கள் இருக்குமாயின் காப்புறுதியில் மட்டும் வேறுபாட்டைத் தொடர்வதற்கு உறுப்பு நாடுகளுக்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டிருந்தது. இந்த விதிவிலக்கை எதிர்த்து பெல்ஜியத்தின் நுகர்வோர் அமைப்பான டெஸ்ட் அஷா வழக்குத் தொடுத்தது. பெல்ஜியத்தின் அரசியலமைப்பு நீதிமன்றம் அதனை ஐரோப்பிய நீதிமன்றத்திற்கு ஆற்றுப்படுத்தியது. வழக்கு ஆயுள் காப்புறுதி தொடர்பாகவே எழுந்ததாயினும் அதன் விளைவு மோட்டார் வாகனக் காப்புறுதியையும் சென்றடைந்தது.

ஐரோப்பிய நீதிமன்றம் 2011 மார்ச் 1ஆம் திகதி தனது தீர்ப்பை வழங்கியது. சமத்துவத்தை இலக்காகக் கொண்ட பணிப்புரை ஒன்றில், கால எல்லையற்ற விதிவிலக்கொன்று இடம்பெறுவது அந்த இலக்கையே தோற்கடிக்கும் என நீதிமன்றம் கருதியது. அதன்படி 2012 டிசம்பர் 21ஆம் திகதியிலிருந்து அந்த விதிவிலக்கு செல்லுபடியற்றதாயிற்று. அன்று முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் செய்யப்படும் புதிய காப்புறுதி ஒப்பந்தங்களில் ஆண், பெண் என்ற அடிப்படையில் தனிமனிதரின் கட்டணம் வேறுபட முடியாது.

தீர்ப்புக்கு முன்னதாக நீதிமன்றத்திற்குச் சட்ட அபிப்பிராயம் வழங்கிய ஜூலியானே கோகொட், இன அடிப்படையில் கட்டணத்தை வேறுபடுத்துவதை எவரும் ஏற்கப்போவதில்லை எனில் பால் அடிப்படையில் மட்டும் அதனை எவ்வாறு அனுமதிப்பது என்ற ஒப்பீட்டை முன்வைத்தார். இது வெறும் கற்பனை வாதமன்று. அமெரிக்காவின் பெரிய ஆயுள் காப்புறுதி நிறுவனமான புருடென்ஷியல் 1881இல், ஒரே கட்டுப்பணத்தைச் செலுத்திய கறுப்பின மக்களுக்கு வெள்ளையருக்குரியதைக் காட்டிலும் மூன்றிலொரு பங்கு குறைவான தொகையை வழங்கும் முறையை ஆரம்பித்தது. அதற்கும் இறப்பு வீதப் புள்ளிவிபரங்களே ஆதாரமாகக் காட்டப்பட்டன. கறுப்பின மக்கள் வறுமையாலும் ஒதுக்கலாலும் இளவயதில் மரணித்தனர். அந்த அநீதியின் விளைவே பின்னர் அவர்களுக்கு எதிரான மற்றுமோர் அநீதிக்கு ஆதாரமாக்கப்பட்டது. இலக்கங்கள் பொய் சொல்லாதிருக்கலாம். ஆனால் இலக்கங்கள் உண்மையாக இருப்பதாலேயே அவற்றைக் கொண்டு செய்யப்படும் அனைத்தும் நியாயமாகிவிடாது என்பதற்கு இது தக்க சான்று.

எனினும், ஐரோப்பியத் தீர்ப்பின் விளைவுகள் முற்றிலும் இனிமையானவை எனக் கூறிவிட முடியாது. அதுவரை குறைந்த கட்டணம் செலுத்திவந்த, கவனமாக வாகனம் ஓட்டும் இளம் பெண்கள் இளைஞர்களின் சுமையில் ஒரு பகுதியை ஏற்கவேண்டிய நிலை உருவானது. பெண்ணுரிமையின் பெயரால் வந்த சட்டம் பெண்களின் செலவை உயர்த்துகின்றது என்ற விமர்சனம் எழுந்ததும் இதனாலேயே.

மறுபுறத்தில், வேறுபாடு முற்றாக மறைந்துவிடவும் இல்லை. பிரித்தானியாவில் ஆண்களின் சராசரிக் கட்டுப்பணம் தீர்ப்புக்குப் பின்னரும் பெண்களினதைவிட உயர்வாகவே இருந்து வந்துள்ளது. நிறுவனங்கள் பாலைக் கேட்பதை நிறுத்தினவேயன்றி தொழில், வாகனத்தின் ஆற்றல், ஓடும் தூரம் ஆகியவற்றைக் கேட்பதை நிறுத்தவில்லை. கட்டட வேலை செய்பவர் பெரும்பாலும் ஆண் என்பதும் தாதியர் பெரும்பாலும் பெண்கள் என்பதும் யாவரும் அறிந்ததே. தீர்ப்பின் பின்னர் இளம் சாரதிகளின் கட்டணங்கள் அவர்களது தொழிலைச் சார்ந்து மாறியமையை பிரித்தானியச் சந்தை குறித்து 2015இல் வெளிவந்த ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. முன்கதவால் வெளியேற்றப்பட்ட வேறுபாடு பின்கதவால் உள்ளே வந்ததோ என்ற ஐயம் இதனால் எழுகின்றது.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வழியில் செல்கின்றது. மொன்டானா மாநிலம் 1985இலிருந்து அனைத்துக் காப்புறுதிகளிலும் பால் வேறுபாட்டைத் தடை செய்திருந்தது. பின்னர் 2021இல் அத்தடை நீக்கப்பட்டது. கலிபோர்னியாவோ 2019 ஜனவரி முதல் வாகனக் காப்புறுதியில் பாலைக் கணக்கிலெடுப்பதைத் தடை செய்தது. அங்கு 1988இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின்படி, சாரதியின் கடந்தகாலப் பதிவு, ஆண்டொன்றில் ஓடும் தூரம், வாகனம் செலுத்திய அனுபவம் ஆகிய மூன்றுமே கட்டணத்தைத் தீர்மானிப்பதில் முதலிடம் பெறவேண்டும். இவ்விடத்தில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பெண்களே எப்போதும் குறைவாகச் செலுத்துகின்றனர் என்ற பொதுவான எண்ணம் சரியானதன்று. அமெரிக்க நுகர்வோர் சம்மேளனம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், குறையற்ற பதிவுடைய நடுத்தர வயதுப் பெண்களிடம் அதே தகுதியுடைய ஆண்களைவிடக் கூடுதலாக அறவிடப்பட்ட சந்தர்ப்பங்கள் பல வெளிப்பட்டன. ஒரே காரணியை ஒரு நிறுவனம் ஒரு விதமாகவும் மற்றொன்று வேறு விதமாகவும் கணிக்குமாயின், அது எவ்வளவு தூரம் விஞ்ஞானபூர்வமானது எனக் கேட்பதில் தவறில்லை.

இவ்விடயம் எமது வாசகர்களுக்கு அந்நியமானதல்ல. எமது உறவினர்கள் பலர் இன்று இலண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் வாகனம் செலுத்தி வாழ்கின்றனர். ரொறன்ரோவில் ஈழத்தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோ போன்ற பகுதிகளில், வசிக்கும் இடத்தின் அஞ்சல் குறியீட்டைக் கொண்டு உயர்ந்த கட்டுப்பணம் அறவிடப்படுவது அங்கு நீண்டகாலமாக அரசியல் சர்ச்சைக்குரிய விடயமாக உள்ளது. இனத்தை எவரும் கேட்பதில்லை. முகவரியை மாத்திரமே கேட்கின்றனர். ஆனால் குடியேறிய சமூகமொன்று ஒரே இடத்தில் கூடி வாழ்கையில் முகவரியே அச்சமூகத்தின் அடையாளமாகிவிடுகின்றது.

இலங்கையில் 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயமானது. சட்டத்தால் கட்டாயப்படுத்தப்படும் ஒன்றை வாங்குவதா விடுவதா என்ற சுதந்திரம் வாகன உரிமையாளருக்கு இல்லை. ஆதலால் அதன் விலை நியாயமாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்க அவருக்கு உரிமையுண்டு. எமது அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் முதலிய காரணங்களால் எந்தப் பிரஜைக்கும் பாரபட்சம் காட்டப்படலாகாது எனக் கூறுகின்றது. ஆயினும், அடிப்படை உரிமை மீறலுக்கான பரிகாரம் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகவே கிடைக்கும். தனியார் நிறுவனங்களின் கட்டண முறை, காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் கண்காணிப்புக்குரிய விடயமாகின்றது. பரஸ்பர உதவியை அடிப்படையாகக் கொண்ட தகாபுல் முறையிலும் இவ்வினாவுக்கு இடமுண்டு. பொது நிதிக்கு யார் எவ்வளவு பங்களிப்பது என்பதை ஏதேனும் ஓர் அளவுகோலால் தீர்மானித்தே ஆகவேண்டும்.

அந்த அளவுகோல் எதுவாக இருக்கவேண்டும்? மனிதன் தன்னால் மாற்றிக்கொள்ளக்கூடியவற்றின் மீதே அது அமையவேண்டும் என்பது எமது நிலைப்பாடு. ஒருவர் தனது வேகத்தைக் குறைக்கலாம். போதையில் வாகனம் ஓட்டாதிருக்கலாம். விபத்தின்றி ஆண்டுகளைக் கழித்து, இழப்பீடு கோராமைக்கான கழிவைப் பெறலாம். ஆனால் எவரும் தமது பிறப்பை மாற்றிக்கொள்ள முடியாது. கவனமாக ஓட்டினாலும் கட்டணம் குறையாது என்று அறிந்த இளைஞனுக்குக் கவனமாக ஓட்டுவதற்கு அக்கட்டணம் எந்த ஊக்கத்தையும் தருவதில்லை.

இன்று வாகனத்தில் பொருத்தப்படும் சிறு கருவிகள் வேகத்தையும் திடீரெனத் தடுப்பை அழுத்துவதையும் பயண நேரத்தையும் பதிவு செய்கின்றன. 1992இல் கனேடிய நீதிமன்றம் காணாத மாற்றுவழி இப்போது கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. ஆனால் இதற்கும் ஒரு விலையுண்டு. ஒருவர் எங்கு செல்கிறார், எப்போது செல்கிறார் என்பதை நிறுவனம் அறிந்துகொள்கின்றது. நள்ளிரவில் பயணிப்பது ஆபத்தென அக்கருவி கணிக்குமாயின், இரவு நேரக் கடமை முடிந்து வீடு திரும்பும் தாதியும் பாதுகாப்பு ஊழியரும் தண்டிக்கப்படுவர். எனவே, எவ்விபரங்கள் சேகரிக்கப்படுகின்றன, அவை எவ்வாறு கட்டணமாக மாற்றப்படுகின்றன என்பதை வாடிக்கையாளருக்கு அவர் அறிந்த மொழியில் தெளிவுபடுத்தும் கடப்பாடு நிறுவனங்களுக்கு இருத்தல் வேண்டும்.

கூட்டத்தின் சராசரியைக் கொண்டு தனிமனிதனை அளப்பது இலகுவானது, செலவும் குறைவானது. ஒரு பெயரைக் கேட்டவுடன், ஒரு முகவரியைப் பார்த்தவுடன் ஐயத்துடன் நோக்கப்பட்ட அனுபவம் இந்நாட்டில் பலருக்குண்டு. அத்தகைய அளவுகோலை எமக்கு எதிராகப் பயன்படுத்தும்போது அநீதி என்கின்றோம். அதே அளவுகோல் எமக்குச் சில ரூபாய்களை மீதப்படுத்தித் தரும்போதும் அதனை அநீதி என்றே கூறும் நேர்மை எமக்கு வேண்டும்.