ஏற்காடு மலை ஏறினால் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்? செகண்ட் ஹேண்ட் சொகுசு எஸ்யூவி வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு!

வார இறுதியில் ஏற்காடு ஏரிப் பக்கமோ, கிளியூர் அருவிக்குப் போகும் வழியிலோ நின்று பார்த்தால் போதும். சின்ன கார்களுக்கு நடுவே சொகுசு எஸ்யூவிகளும் வரிசையில் நிற்கும். புதிதாக வாங்கினால் கோடியைத் தாண்டும் இந்த வண்டிகள், செகண்ட் ஹேண்ட் சந்தையில் அதில் சிறு பங்கு விலைக்கே கிடைக்கின்றன. 'இந்த விலைக்கு இப்படி ஒரு காரா!' என்று ஆசை வருவது இயல்புதான். ஆனால், காரின் விலை குறைந்தாலும் அதன் பெட்ரோல் தாகம் குறையாது.

அப்படியென்றால் உண்மையான மைலேஜ் எவ்வளவு? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே கார்... இரண்டு மைலேஜ்!

2015-ல் இந்தியாவில் அறிமுகமான பிஎம்டபிள்யூ எக்ஸ்5 எம் காரை எடுத்துக்கொள்வோம். 4.4 லிட்டர் ட்வின் டர்போ வி8 பெட்ரோல் இன்ஜின், 575 குதிரைத்திறன், எடை சுமார் 2,300 கிலோ. ஐரோப்பிய சோதனை முறைப்படி, 100 கி.மீ ஓட இந்தக் காருக்கு 11.1 லிட்டர் தேவை. அதாவது லிட்டருக்கு சுமார் 9 கி.மீ.

இதே காருக்கு அமெரிக்க அரசின் சோதனை தந்த எண், கேலனுக்கு 16 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 6.8 கி.மீ. நகரத்துக்குள் ஓட்டினால் 6 கி.மீ-க்கும் கீழே!

ஏன் இந்த வித்தியாசம்?

அந்த ஐரோப்பிய சோதனை நடப்பது சாலையில் இல்லை, ஆய்வகத்தில். உருளைகள் மேல் காரை நிறுத்தி, 20 நிமிடங்களுக்குள் முடித்துவிடுவார்கள். ஏசி ஓடாது, மேடு பள்ளம் இருக்காது. நிஜத்துக்கும் இதற்கும் இடைவெளி அதிகம் என்பதால்தான் 2017 முதல் ஐரோப்பாவே புதிய சோதனை முறைக்கு மாறியது. ஆனால், பழைய கார்களின் விளம்பரங்களில் இன்னமும் பழைய எண்தான் வலம் வருகிறது.

மலை ஏறினால் என்ன ஆகும்?

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கி.மீ. 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது, ஏற்காடோ சுமார் 1,500 மீட்டர். ஆக, கார் 1,200 மீட்டர் மேலே ஏற வேண்டும்.

ஆட்களோடு சேர்த்து 2,600 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்க சுமார் 30 மெகாஜூல் ஆற்றல் தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது ஏறத்தாழ 32 மெகாஜூல். 'அப்போ ஒரு லிட்டர் போதுமே' என்று தோன்றும். ஆனால், பெட்ரோல் இன்ஜின் அதில் கால் பங்கு அல்லது கொஞ்சம் கூடுதலாகத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். மிச்சமெல்லாம் வெப்பமாக வெளியேறிவிடும். எனவே, உயரம் ஏறுவதற்கு மட்டுமே 3 முதல் 4 லிட்டர் வரை செலவாகும். 30 கி.மீ ஓடுவதற்கான பெட்ரோல் இதற்கு மேல் தனி.

ஆட்களோடு 1,200 கிலோ வரும் சின்ன காருக்கு, இதே ஏற்றத்துக்கு இதில் பாதி பெட்ரோல்கூட ஆகாது.

இறங்கும்போது மிச்சமாகாதா?

ஓரளவு ஆகும். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இப்போதைய இன்ஜின்கள் எரிபொருள் பாய்வதையே நிறுத்திவிடும். ஆனால், ஏறும்போது சேர்த்த ஆற்றலில் ஒரு பகுதிதான் கார் உருள உதவும். மீதி பிரேக்கிலும் இன்ஜினிலும் சூடாகிப் போய்விடும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் மட்டும் இறக்கவே கூடாது. இன்ஜின் பிரேக்கிங் கிடைக்காமல் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் ஆபத்து உண்டு.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மலை இறங்கத் தொடங்கும்போது டிரிப் மீட்டரை ஜீரோ செய்தால், அடிவாரம் வருவதற்குள் மைலேஜ் பிரமாதமாகக் காட்டும். அந்த ஒரு எண்ணை நம்பி யாரும் முன்பணம் கொடுத்துவிடக் கூடாது.

மாதச் செலவு எவ்வளவு?

லிட்டர் 100 ரூபாய் என்றும், மாதம் 1,000 கி.மீ ஓட்டம் என்றும் வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் சொல்லும் 9 கி.மீ கிடைத்தால் சுமார் 11,100 ரூபாய். உண்மையில் 6 கி.மீ-தான் கிடைத்தால் சுமார் 16,700 ரூபாய். வருடத்துக்கு ஏறத்தாழ 67,000 ரூபாய் கூடுதல்! லிட்டருக்கு 15 கி.மீ தரும் சின்ன கார் என்றால், மாதச் செலவே 6,700 ரூபாயில் முடிந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை என்னென்ன?

* பெட்ரோல் மூடியின் உள்பக்கம் எந்த ஆக்டேன் என்று எழுதியிருக்கும். நம் பங்க்குகளில் கிடைத்த சாதாரண பெட்ரோல் முன்பு 91 ஆக்டேனாக இருந்தது. இந்த வகை இன்ஜின்கள் பெரும்பாலும் 95-க்கு மேல் கேட்கும். அந்த பெட்ரோலின் விலையும் அதிகம்.

* 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆற்றல் சற்றுக் குறைவு. காரின் கையேட்டில் எவ்வளவு எத்தனால் வரை அனுமதி என்று பாருங்கள்.

* டயர் காற்றழுத்தம், வீல் அலைன்மென்ட், ஸ்பார்க் பிளக், ஆக்ஸிஜன் சென்சார் ஆகியவற்றில் எது சரியில்லை என்றாலும் மைலேஜ் அடிவாங்கும். சர்வீஸ் ரெக்கார்டைக் கேட்டு வாங்குங்கள்.

* டிஸ்ப்ளேவில் சராசரி மைலேஜ் காட்டினால், அது எத்தனை கி.மீ-க்கான சராசரி என்று கேளுங்கள். 20 கி.மீ சராசரிக்கு மதிப்பில்லை, 2,000 கி.மீ சராசரிக்கு மதிப்புண்டு.

சரியாக அளப்பது எப்படி?

ஃபுல் டேங்க் முறைதான் நம்பகமானது. பங்க்கில் ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்பி, டிரிப் மீட்டரை ஜீரோ செய்யுங்கள். குறைந்தது 200 கி.மீ ஓட்டிய பிறகு, அதே பங்க்கில் அதேபோல மீண்டும் நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் கிடைப்பதுதான் உண்மையான மைலேஜ்.

வாங்குவதற்கு முன்பே 200 கி.மீ ஓட்டிப் பார்க்க யாரும் விடமாட்டார்களே என்கிறீர்களா? அப்படியானால் நகர சோதனை எண்ணையே அடிப்படையாக வைத்து பட்ஜெட் போடுங்கள். இந்தக் காருக்கு அது லிட்டருக்கு 6 கி.மீ. அந்தச் செலவு உங்கள் மாத வருமானத்துக்குக் கட்டுப்படியானால் மட்டுமே, கார் என்ன விலை என்று கேட்கலாம்.