முதியோர் இல்லத்துக்குள் காய்ச்சல் நுழையும் வழி

ஜூன் பிறந்தால் நீலகிரி மாவட்டத்துப் பைக்காராவில் தென்மேற்குப் பருவமழை வலுக்கும். குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். நாலு பேர் உள்ள வீட்டில் அது பெரிய விஷயமில்லை. இருபது முப்பது முதியவர்கள் ஒரே கூடத்தில் படுத்துறங்கும் இல்லத்தில், ஒருவரின் இருமல் எல்லோருக்கும் பரவிவிடும். மலையில் நாளெல்லாம் திறந்துவைக்க முடியாதுதான். காலையும் மாலையும் சிறிது நேரமாவது எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, அதுவரை பெரியவர்களுக்கு இன்னொரு கம்பளி போர்த்தலாம்.

ஆனால் படுக்கையிலேயே இருப்பவரிடம் வைரஸ் தானாக வருவதில்லை. வெளியிலிருந்து யாரோ கொண்டுவருகிறார்கள். 2020-இல் அமெரிக்காவின் கிர்க்லேண்ட் நகர முதியோர் பராமரிப்பு மையத்தில் கொரோனா பரவியபோது, மார்ச் 18-க்குள் அங்கே தங்கியிருந்தவர்களில் 101 பேருக்கும், பணியாளர்கள் 50 பேருக்கும், வந்துபோனவர்கள் 16 பேருக்கும் தொற்று உறுதியானது. பணியாளர்கள் உடம்பு சரியில்லாமலே வேலைக்கு வந்ததும், சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்ததும் பரவலுக்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

நம் ஊர் ஆயாவும் அப்படித்தான் வருவார். லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்றால், மாத்திரை போட்டுக்கொண்டு வரத்தானே செய்வார்? அவரைக் குறை சொல்வது அநியாயம். காய்ச்சல் நாட்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு தருவதே இல்லத்தின் முதல் தடுப்பு மருந்து என்பேன்.

வயதானவர்களுக்குத் தொற்று வந்தாலும் உடம்பு சுடாமல் போகலாம். திடீரென்று சாப்பாடு வேண்டாம் என்பார், பேச்சு குழறும், நடக்கையில் தடுமாறுவார். 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாமல் அன்றே தனி அறைக்கு மாற்றி டாக்டரிடம் காட்ட வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு பரவினால் சானிடைசரை நம்ப வேண்டாம். நோரோவைரஸுக்கு அது போதாது. சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், தரையை பிளீச்சிங் கரைசலால் துடைக்க வேண்டும்.

இதே மாவட்டத்துக் குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிலையம் இருக்கிறது. 1957-இல் கப்பலில் மதராஸ் வந்திறங்கிய ஆசியக் காய்ச்சல் என்ற ஃப்ளூவின் வைரஸை ஆராய்ந்த இடம் அது. அந்த வைரஸின் உறவுகள் ஆண்டுதோறும் உருமாறி வருவதால், ஃப்ளூ தடுப்பூசியையும் ஆண்டுதோறும் போட வேண்டும். பலன் கிடைக்க இரண்டு வாரமாகும் என்பதால், மழைக்கு முன்பே முதியவர்களுக்கும் பணியாளர்களுக்கும் போட்டுவிடுவது நல்லது.

அப்பா அம்மாவை இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்கள் அறையையும் சாப்பாட்டையும் பார்ப்பதோடு, ஆயாவுக்குக் காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவு உண்டா என்றும் கேளுங்கள். உங்களுக்குச் சளி பிடித்திருந்தால், அந்த வாரம் பார்க்கப் போகாமல் போனில் பேசுங்கள்.