பங்கும் ஈவும்

கூட்டு வாணிகத்தில் சேர்ந்தவரையும் 'பங்குதாரர்' என்கின்றோம். நிறுவனத்தின் பங்கினை வாங்கியவரையும் 'பங்குதாரர்' என்றே குறிக்கின்றோம். சட்டத்தின் முன் இவ்விருவரும் வேறானவர். இலாபத்தைப் பகிரும்போது அவ்வேறுபாடு வெளிப்படும்.

இருவர் சேர்ந்து ஒரு கடை தொடங்குகின்றனர் எனக் கொள்வோம். ஒருவர் இட்ட முதல் 80,000 வெள்ளி. மற்றவர் இட்டது 20,000. (நம் 'முதல்' என்னும் சொல்லே மலாய் மொழியில் 'மோடல்' என வழங்குகின்றது.) இலாபத்தை எவ்வாறு பிரிப்பது என்று அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை. மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, மலேசியாவின் 1961ஆம் ஆண்டுக் கூட்டு வாணிகச் சட்டம் இலாபத்தைச் சமமாகவே பகிரச் சொல்லும்; நட்டமும் அவ்வாறே. மிகுதியாக முதலிட்டவர் பின்னர் வருந்திப் பயனில்லை. கடை பட்ட கடனுக்கு அவர்தம் சொந்த உடைமையும் ஈடாகும். இத்தகையோரைக் 'கூட்டாளி' என்றழைப்பதே தகும். 'பங்காளி' எனலாமே என்பர் சிலர். அச்சொல் தாயாதியைக் குறிப்பது, அதில் பகையின் வாடையும் சற்று உண்டு.

நிறுவனத்தில் பங்குடையவர் நிலை வேறு. இலாபம் வந்தது என்பதனாலேயே அதில் அவருக்கு உரிமை பிறந்துவிடாது. 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி, இலாபத்திலிருந்து மட்டுமே ஈவு வழங்கலாம். வழங்கிய பின் வரும் பன்னிரண்டு மாதங்களில் கடன்களை உரிய காலத்தில் தீர்க்க இயலும் என இயக்குநர்கள் நிறைவு கொள்ளவும் வேண்டும். இலாபம் முழுவதையும் தொழிலிலேயே இருத்திக்கொள்வதும் உண்டு.

'ஈவு' என்பது 'ஈ' என்னும் வினையடியாகப் பிறந்த பெயர். ஈ, தா, கொடு என்னும் மூன்றனுள் 'ஈ' இழிந்தோன் கூற்று, 'தா' ஒப்போன் கூற்று எனத் தொல்காப்பியர் வகுத்தார். கூட்டாளி தன் ஒப்போனிடம் 'என் பங்கைத் தா' எனக் கேட்கலாம். பங்குடையவரோ இயக்குநர் முடிவை எதிர்நோக்கி நிற்பவர். பெயர் பொருத்தமாகவே அமைந்துள்ளது.

இடர் நேர்வது குடும்ப நிறுவனங்களில்தான். உடன்பிறந்தார் இருவர் 'செண்டிரியான் பெர்ஹாட்' எனப் பதிந்துகொள்வர். பேச்சும் பழக்கமும் கூட்டுக்கடைக் காலத்தனவாகவே இருக்கும். 'என் பங்கை எடுத்துக்கொண்டேன்' என்று கல்லாவில் கைவைப்பர். நிறுவனத்தின் பணம் நிறுவனத்திற்கே உரியது. கடனைத் தீர்க்க இயலாத நிலையை அறிந்தே ஈவு பெற்றிருப்பின், அத்தொகையை நிறுவனம் அவரிடமிருந்து திரும்பப் பெற இடமுண்டு.