விழுங்கிய மையோடு வாழும் செல்கள்

டாட்டூ ஊசி தோலுக்குள் இறங்கும் ஆழம் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர்தான். மேல்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதுப்பித்துக்கொள்ளும் என்பதால், அங்கே நின்ற மை கூடவே உதிர்ந்துவிடும். அதனால் ஊசி அதைத் தாண்டி, ரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடும் உள்தோலில் மையைச் சேர்க்கிறது. உடம்பைப் பொறுத்தவரை இது ஒரு காயம். அதற்குள் புகுந்திருப்பது அந்நியப் பொருள். மேக்ரோபேஜ் எனப்படும் பாதுகாப்புச் செல்கள் உடனே வந்து மைத்துகள்களை விழுங்குகின்றன. கிருமியாக இருந்தால் செரித்துவிடும். மை செரிப்பதில்லை. விழுங்கியதை உள்ளேயே வைத்துக்கொண்டு அந்தச் செல்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன. கையில் தெரியும் மயிலும் மகளின் பெயரும் பெரும்பாலும் இந்தச் செல்களுக்குள் இருக்கும் மைதான்.

அந்தச் செல்களும் ஒருநாள் சாகத்தானே வேண்டும்? பிறகு படம் எப்படி நிலைக்கிறது? பிரான்ஸின் மார்செய் நகர ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். எலிகளின் வாலில் பச்சை மையைக் குத்தினார்கள். பிறகு அங்கிருந்த மேக்ரோபேஜ்களைக் கொன்றார்கள். படம் மங்கவே இல்லை. செத்த செல் விட்டுச்சென்ற மையை, எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த செல் அதே இடத்தில் விழுங்கிக்கொண்டது. பச்சை குத்திய தோல் துண்டை வேறொரு எலிக்கு ஒட்டிப் பார்த்தபோதும் இதேதான்: சில வாரங்களில் மை புதிய எலியின் செல்களுக்குள் போயிருந்தது. கட்டடம் எழும் இடத்தில் சித்தாள்கள் செங்கல்லைக் கைமாற்றுவதைப் போன்ற வேலை. இங்கே செங்கல் மட்டும் நகராமல் நிற்கிறது, கைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

ஒரு மணி நேரத்தில் குத்திவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கோ அன்று தொடங்கும் வேலை ஆயுள் முழுக்க நீள்கிறது. வலிக்குமா, எவ்வளவு ஆகும் என்று கேட்பதற்கு முன்பு, என் எதிர்ப்பு மண்டலம் எப்படிப்பட்டது என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என நான் சொல்வது இதனால்தான்.

நிறங்களில் அதிகம் வம்பு செய்வது சிவப்பு. பாதரசம் கலந்த சாதிலிங்கமும் அந்தக் காலத்தில் மையில் சேர்ந்தது. இன்று பெரும்பாலும் அசோ வகைச் செயற்கைச் சாயங்கள். ஒவ்வாமை வந்த ஒரு ரோஜா டாட்டூவை நெருங்கிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்: இதழ்கள் மட்டும் தடித்து மேடாகி அரிக்கும், கருப்பு விளிம்பும் பச்சை இலையும் தோலோடு தோலாகச் சமமாகக் கிடக்கும். இது மாதங்கள் கழித்து வரலாம், வருடங்கள் கழித்தும் வரலாம். முன்கூட்டியே சின்னதாக ஒரு புள்ளி குத்திப் பார்த்துவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது முழு உத்தரவாதம் ஆகாது. ஒவ்வாமையைக் கிளப்புவது பல நேரம் புட்டியில் இருந்த சாயமாக இருப்பதில்லை. தோலுக்குள் மெல்ல மெல்ல அது சிதைந்து உண்டாகும் பொருளாக இருக்கக்கூடும் என்று தோல் மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஏற்கெனவே வந்துவிட்ட ஒவ்வாமைக்கு மையைப் புட்டியிலிருந்து எடுத்துச் சோதித்தாலும் முடிவு பல நேரம் ‘இல்லை’ என்று வருவது அதனால் இருக்கலாம். கவரிங் நகை, கைக்கடிகாரத்தின் பின்பக்கம், ஜீன்ஸ் பொத்தான் பட்டால் அரிப்பவர்களுக்கு நிக்கல் அலர்ஜி இருக்கக்கூடும். நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்கள் சில மைகளில் தூசாகக் கலந்திருக்கின்றன. வெள்ளை மையில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு ஊசியையே தேய்த்து, அதன் துகள்களைத் தோலில் விடுவதும் தெரியவந்திருக்கிறது.

ஊசியே படாத ‘கருப்பு மெகந்தி’யைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. மருதாணி இலை தரும் நிறம் செம்பழுப்பு. அதுவும் மணிக்கணக்கில் காத்திருந்தால்தான் பிடிக்கும். சீக்கிரமே கன்னங்கரேலென்று பிடித்தால் அதில் பெரும்பாலும் பிபிடி என்ற சாயப்பொருள் சேர்ந்திருக்கும். முடிக்கு அடிக்கும் டையில் ஐரோப்பா இதை 2 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறது. தோலில் பூச அனுமதியே இல்லை. திருவிழாவில் குழந்தையின் கையில் போட்ட கோலம், சில நாளில் அதே கோலத்தின் வடிவத்திலேயே கொப்புளமாக எழும். கொப்புளம் ஆறிவிடும், ஒவ்வாமை ஆறாது. அந்தக் குழந்தை நாற்பது வயதில் ஹேர் டை அடிக்கும்போது முகமே வீங்கலாம்.

சொரியாசிஸ், வெண்புள்ளி உள்ளவர்களுக்கு இன்னொரு சங்கதி. தோலில் எங்கே காயம் பட்டாலும் அந்த இடத்தில் நோய் புதிதாக முளைக்கும் போக்கை, ஜெர்மன் மருத்துவர் கோப்னர் 19-ஆம் நூற்றாண்டிலேயே விவரித்தார். ஊசி போன கோடு முழுவதும் காயம்தானே. காது குத்திய இடமோ தடுப்பூசி போட்ட இடமோ தடித்த தழும்பாக வளர்ந்தவர்கள் நெஞ்சிலும் தோளிலும் குத்திக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. கருத்த தோலில் இந்தத் தழும்பு அதிகம் வருகிறது.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் முதலில் தங்கள் மருத்துவரிடம் பேசட்டும். கல்லீரல் நோயாளிகளுக்கு இது இன்னும் முக்கியம். அமெரிக்காவில் கல்லீரல் பாதிக்கப்பட்ட 31 வயது இளைஞர் ஒருவர், பச்சை குத்திய ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்தினார். கடல்நீரில் வாழும் விப்ரியோ கிருமி புண் வழியே புகுந்தது. தீவிர சிகிச்சை அளித்தும் அவர் பிழைக்கவில்லை. 2017-இல் மருத்துவ இதழில் பதிவான நிகழ்வு இது. நல்ல கல்லீரல் இருந்தால் அந்தக் கிருமியை உடம்பு பெரும்பாலும் சமாளித்திருக்கும்.

ஊசி புதிதாக இருந்தால் மட்டும் போதாது. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் 2011-இன் பிற்பகுதியில் 19 பேருக்குத் தோலில் தொற்று வந்தது; காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கிருமி. அது திறக்காத மைப்புட்டியிலேயே இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். குத்திக்கொள்ளும் நாளில் புட்டியின் பெயரும் தொகுதி எண்ணும் தெரிகிற மாதிரி ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள். பிறகு அரித்தாலோ சீழ் பிடித்தாலோ, தோல் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

மச்சத்தின் மேல் குத்த வேண்டாம். அது உருமாறினால் மை மறைத்துவிடும். மையின் ஒரு பகுதி தோலிலேயே நிற்பதுமில்லை, நிணநீர் வழியாக அக்குளில் இருக்கும் கணுக்களுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே கருத்துக் கிடக்கும் கணுவைப் புற்றுநோய் பரவியதாகத் தவறாக எடுத்துக்கொண்ட சம்பவங்கள் உண்டு. மார்பிலோ அக்குளிலோ கட்டி என்று ஸ்கேனுக்குப் போகும்போது, எந்தக் கையில், எந்த நிறத்தில், எந்த வருடம் குத்திக்கொண்டீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.