ஸ்டென்ட் அகற்றும் திகதி மறக்கப்படலாகாது

நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களிலிருந்து சிறுநீரகக் கல்லுக்குச் சிகிச்சை பெறச் செல்வோரில் பலர், உடலினுள்ளே ஒரு மெல்லிய குழாயுடன் வீடு திரும்புகின்றனர். கல் உடைக்கப்பட்ட பின்னர் சிறுநீரின் பாதை அடைபடாதிருக்கும் பொருட்டு, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை வைக்கப்படும் ஸ்டென்ட் அது. இரு முனைகளும் சுருண்டு, இடம் பெயராது நிற்கும் இவ்வமைப்பு 1978ஆம் ஆண்டில் அறிமுகமானது. சிறுநீரகத்தைக் காக்கும் இக்குழாய், உரிய காலத்தில் அகற்றப்படாவிடின் அதற்கே பகையாகி விடுகின்றது.

கேத்தலின் உட்புறத்தில் நாளடைவில் வெண்படலம் படிவதை நாம் அறிவோம். ஸ்டென்டிலும் ஏறத்தாழ அதுவே நிகழ்கின்றது. சிறுநீரிலுள்ள கல்சியம், ஒக்சலேற்று, பொசுபேற்று முதலியன அதன் மேற்பரப்பில் படிந்து இறுகுகின்றன. சிலவகைக் கிருமிகள் தொற்றினால் சிறுநீர் காரத்தன்மையடைந்து படிவு மேலும் விரைவுபடும். 1991ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், 6 வாரங்களுக்குள் அகற்றப்பட்ட ஸ்டென்டுகளில் 9.2 வீதமானவற்றிலேயே படிவு காணப்பட்டது. 6 முதல் 12 வாரங்களுக்குள் அது 47.5 வீதமாகவும், அதன் பின்னர் 76.3 வீதமாகவும் உயர்ந்தது. படிவை முற்றாகத் தடுக்கும் பூச்சு எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆகவே, குறித்த நாளில் அகற்றுவதே தலையாய தடுப்பு முறையாகும்.

படிவு இல்லாத ஸ்டென்டை, மரத்துப்போகும் மருந்திட்டுச் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். படிவு இறுகிவிட்டாலோ லேசர் கதிரும் சத்திர சிகிச்சையும் தேவைப்படும். சிறுநீரகத்தையே இழக்கவும் நேரிடலாம். வலி நின்றுவிட்டதே, குணமாகிவிட்டதே என்று எண்ணுவதுதான் இங்குள்ள பெரும் ஆபத்து. படிவு பல வேளைகளில் ஓசையின்றியே வளர்கின்றது.

நோயாளர் செய்ய வேண்டியவை சிலவே. வைத்தியர் வேறுவிதமாகக் கூறினாலன்றி, நாளொன்றுக்கு 2 முதல் 2.5 லீற்றர் வரை சிறுநீர் வெளியேறுமளவு நீர் அருந்த வேண்டும். மலையகக் குளிரில் தாகம் தோன்றாதென்பதால், தாகத்துக்காகக் காத்திராது அருந்துதல் நன்று. உப்பைக் குறைக்க வேண்டும். கர்ப்பிணிகளில் படிவு விரைவாக ஏற்படுவதால், அவர்களுக்கு ஸ்டென்டை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். நடுக்கத்துடன் காய்ச்சலோ, விலாவில் கடும் வலியோ ஏற்படின் திகதி வரும்வரை பொறுத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

எனினும், அறிவுரை மட்டும் போதுமா? கொழுந்து மலையில் மலசலகூட வசதியில்லாத இடங்களில், நாள் முழுதும் நீர் அருந்துமாறு ஒரு பெண்ணிடம் கூறுவதில் என்ன பயன்? சிறுநீரை அடக்க வேண்டியிருக்குமென அஞ்சி அவள் நீரையே தவிர்த்துவிடுகின்றாள். கிளினிக்குக்காக ஒரு நாள் செல்ல நேர்ந்தால், நாட்கூலி பெறுபவருக்கு அரைப்பேர் கூடக் கிடைக்காது. பஸ் செலவு வேறு. வைத்தியசாலை தரும் அட்டையோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். உடலினுள் குழாய் இருப்பதையே முழுமையாக விளங்கிக்கொள்ளாமல் வீடு திரும்புவோர் இருந்தால், அது அவர்களது தவறாகாது.

2017ஆம் ஆண்டு மே மாதம் இந்திய உதவியுடன் டிக்கோயாவில் 150 கட்டில்களைக் கொண்ட வைத்தியசாலை திறந்துவைக்கப்பட்டது. கட்டடங்கள் எழுவது வரவேற்கத்தக்கதே. ஆயினும் இவ்விடயத்தில் தேவைப்படுவது பெருஞ்செலவன்று. ஸ்டென்ட் வைக்கப்பட்ட ஒவ்வொருவரது பெயரும் அகற்றும் திகதியும் வைத்தியசாலைப் பதிவேட்டில் இருக்க வேண்டும்; வராதவர் தொலைபேசியில் அழைக்கப்பட வேண்டும். நோயாளர் கையில் திகதி தமிழில் எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். நோயாளரின் சம்மதத்துடன் அதன் பிரதியொன்று தோட்ட வைத்திய அதிகாரியிடமும் இருத்தல் நலம். தோட்ட நிர்வாகங்கள் அந்த ஒரு நாளுக்குச் சம்பளத்துடன் விடுமுறை வழங்க முன்வர வேண்டும். தொழிற்சங்கங்களும் இக்கோரிக்கையைக் கையிலெடுப்பது அவசியம்.

ஒரு நாள் சம்பளத்துக்காக ஒரு சிறுநீரகம் இழக்கப்படும் நிலை எமது மலையகத்தில் இருத்தலாகாது.